டாக்டரம்மாவிடம் சொல்லாதது

டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்ல வேண்டியவள் நான். ஆனால் எனக்கு முன்னால் என்னைப் பெற்ற நைனா முந்திக்கொண்டு பதில் சொன்னார். அதை நம்பித்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். அது நானே எடுத்த முடிவு என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. ராயபுரத்தில், மாதா கோயில் மணி அடித்தால் வீட்டுச் சுவர் அதிரும் தூரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினார். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னதுக்கு இரண்டு. நான் வாசல் அறையில் கை மெஷின் ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தேன். காசிமேட்டு மீன்காரிகளிலிருந்து கான்வென்ட் டீச்சர் வரை அத்தனை பேர் மார்பளவும் என் நோட்டில் இருந்தது. என் மார்பில் ஒரு கட்டி வளர்ந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அது புளியங்கொட்டை அளவு இருந்தது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இடது பக்கத்தை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அக்குள் வரைக்கும் வழித்து எடுத்தார்கள். அப்புறம் கரண்ட் என்று கதிர் வைத்தார்கள். தோல் கருகி, கை வீங்கி, மெஷின் சக்கரத்தைச் சுற்ற வலது கையும் துணியைத் தள்ள இடது கையும் ஒத்துழைக்க மூன்று மாதம் பிடித்தது.

தெருவுக்கு என்ன சொல்வது என்பதை என் அக்காதான் முடிவு செய்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள், பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள், எங்கள் வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அவளுடையது. "பால் கட்டிகினு சீ வெச்சிட்ச்சி, அறுத்து எட்த்தாங்கன்னு சொல்லு. அதுக்கு மேல எவளும் கேக்க மாட்டா" என்றாள். அப்படியே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பரிதாபப்பட்டார்கள், அவ்வளவுதான்.

ஜாக்கெட்டுக்குள் வைக்க ஒரு திண்டு தைத்துக்கொண்டேன். பழைய வேட்டித் துணியில் பஞ்சு அடைத்தது. அது நில்லாமல் கழுத்துப் பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்கும் அக்காதான் வழி சொன்னாள். "வெறும் பஞ்சு வெச்சா மேல ஏறிக்கும். அடியில ஒரு பிடி கடுகு போட்டுத் தை. வெயிட்டு இருந்தா கீய நிக்கும்." நின்றது. தையல்காரி எனக்குத் தோன்றாதது பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாத இவளுக்குத் தோன்றியதே என்று மெச்சிக்கொண்டேன். எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. மெச்சுகிற அவசரம்.

கரண்ட் முடிந்து முதல் தடவை காட்டப் போனபோது வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட். நைனாவும் அக்காவும் கூட வந்தார்கள். டாக்டரம்மா நிதானமானவர், நம்மை உட்காரவைத்துப் பேசுகிறவர். வலது பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இந்தப் பக்கம் இப்போதைக்கு ஒண்ணும் இல்லை. ஆனா ஒரு பக்கம் வந்தவங்களுக்கு அடுத்த பக்கமும் வரலாம். சில பேருக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துடறோம். எல்லாருக்கும் அது வேண்டியதில்லை. அதனால ஒண்ணு கேக்கறேன். உங்க அம்மாவுக்கோ, அம்மா கூடப் பிறந்தவங்களுக்கோ மார்புல இந்த மாதிரி வந்திருக்கா?"

அம்மா இறக்கும்போது எனக்குப் பதினாலு வயது. கடைசி நாலு மாதம் நான் வீட்டிலேயே இல்லை. என்னையும் மூன்று வயதுத் தங்கையையும் எண்ணூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் கட்டி என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அம்மா சவப்பெட்டிக்குள் இருந்தாள், கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி போர்த்தி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் யாருக்கும் இல்லீங்கம்மா" என்றார் நைனா. "இவுங்கம்மா வயித்துல கட்டி வந்து பூட்ச்சி."

அக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டார். "குடும்பத்துல இருந்திருந்தா எடுத்துடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். இல்லைங்கறதால உங்க இஷ்டம். எடுக்கணும்னாலும் சரி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினாலும் சரி. ஒரு மாசம் யோசிச்சிட்டு வந்து சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால், எடுத்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. பயம் ஒரு காரணம். குளிக்கும்போதெல்லாம் விரல் தானாக அங்கே போய் நின்றது. இன்னொரு காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லாமல் நடப்பது, ஒரே காலில் செருப்பு மாட்டிக்கொண்டு நடப்பது போல இருந்தது. இரண்டும் இல்லாவிட்டால் திண்டும் வேண்டாம் கடுகும் வேண்டாம், தட்டையாக இருந்துவிட்டுப் போகலாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "டாக்டரே அவசரம் இல்லன்னுதானே சொல்லிச்சி. ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றார். யாருக்காக இருக்கட்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்டி அனுப்பியவர். ஆனாலும் அந்த வார்த்தை மனசில் தைத்துக்கொண்டது.

அக்கா வேறு வழியில் வந்தாள். அப்போது எங்கள் தங்கைக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மண்டி வைத்திருந்தவர்கள். நம் வேதக்காரர்கள், ஆனால் நம்மைவிடக் கொஞ்சம் உசரம். "ஒண்ணுன்னா பால் கட்டின்னு சொல்லிக்கலாம்" என்றாள் அக்கா. "ரெண்டையும் எட்த்துட்டா இன்னான்னு சொல்லுவே? பரம்பரைச் சீக்குன்னு அந்த மண்டிக்காரம்மா ஒரே நாள்ல கண்டுபுட்ச்சிடும். ஓலை வாசிக்கிற வரிக்குமாவது சும்மா இரு."

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்க வேண்டும் என்று. அதைக் கேட்டு யாரும் எழுந்து நின்றதாக எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மூன்று ஞாயிறும் பெண் வீட்டார் மூச்சுவிட மாட்டார்கள்.

தங்கையை வளர்த்தது நான். எண்ணூரில் இருந்த நாலு மாதமும் இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அம்மா போன பிறகு அவளுக்குப் பேன் பார்த்தது, கோயிலில் புதுநன்மை வாங்க வெள்ளைக் கவுன் தைத்தது, பெரியவளானபோது பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் நான்தான். அவள் கல்யாணத்துக்கு ஓர் இடைஞ்சல் என்றால் நான் எதையும் பொறுத்துக்கொள்வேன். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனாலும் இவற்றில் எதற்காகவும் நான் விட்டிருக்க மாட்டேன். நான் பிடிவாதக்காரி. என்னை நிறுத்தியது நைனாவின் பதில்தான். நம் குடும்பத்தில் இல்லை, அதனால் அவசியம் இல்லை. அந்த மாதம் முழுக்கப் பூசைக்குப் போய், முழங்காலில் நின்று, அம்மாவுக்கு வயிற்றில் வந்ததற்காக நான் நன்றி சொன்னேன். இதை எழுதும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போய், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று ஓலையும் வாசித்து முடிந்தது. மூன்று தடவையும் நைனா தொண்டையைச் செருமினார். அம்மாவை நினைத்துக்கொள்கிறார் என்று நினைத்து என் கண்ணும் கலங்கியது. வீங்கிய கையோடு தங்கைக்குக் கல்யாண ஜாக்கெட் நானே தைத்தேன். நன்றாக உட்கார்ந்தது. மண்டிக்கார அம்மா அதைத் தடவிப் பார்த்து, "யார் தச்சது, கைவேலை சுத்தமா இருக்கே" என்று கேட்டார்.

டாக்டரம்மாவிடம் முதல் தடவை ஒழுங்காகப் போய்க் காட்டினேன். கல்யாண வேலையில் இரண்டாவது தடவை தவறியது. அப்புறம் சின்னதுக்கு அம்மை. அப்புறம் சோம்பல். நம் குடும்பத்தில்தான் இல்லையே.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று நைனாவின் வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம். நைனா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதைத் திறக்க வேண்டாம் என்று அவர் எப்போதும் சொல்வார், ஆனால் அடியில் கரையான் ஏறியிருந்தது. திறந்து உதறினேன். அம்மாவின் கல்யாணப் புடவை, ஜெபமாலை, அதற்கு அடியில் வாயில் துணியில் தைத்த ஒரு வெள்ளை ஜாக்கெட்.

மற்றவர்கள் கையில் எடுத்திருந்தால் முத்தமிட்டுவிட்டு வைத்திருப்பார்கள். நான் ஜாக்கெட்டை எடுத்ததும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பவள். பழக்கம் அப்படி. இடது பக்கத்தில், மார்புக்கு வளைவு கொடுக்கப் பிடிக்கும் டாட்டைப் பிரித்திருந்தார்கள். பழைய தையலின் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அக்குள் பக்கம் ஒரு விரல் அகலம் உள்ளே பிடித்திருந்தது. இப்படி ஒரு ஜாக்கெட்டை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் தைத்திருந்தேன். எனக்காக.

உள்ளே வேட்டித் துணியில் ஒரு திண்டு வைத்துத் தைத்திருந்தது. விரலால் அமுக்கினேன். அடியில் நெறுநெறுவென்று உருண்டது. பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தேன். கடுகு.

நூலைப் பார்த்தேன். கோணல் மாணலான கைத்தையல். எல்லாத் தையலும் நாம் சாய்க்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் இடது கைப் பழக்கம் உள்ளவள் ஒருத்திதான். என் அக்கா.

நைனா பையோடு திரும்பி வந்தார். ஜாக்கெட்டை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு எங்க வந்துச்சி நைனா?"

"அதான் கண்டுபுட்ச்சிட்டியே."

"டாக்டரம்மா கேட்டப்போ ஏன் சொல்லல?"

"உங்கம்மா ஏங்கிட்ட சத்தியம் வாங்கிகிச்சி. மூணு பொட்டப் புள்ளைங்க கீதுங்கோ, வெளிய தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்னு. அன்னிலேர்ந்து நான் யாராண்டயும் சொன்னதில்ல."

"எனக்கே வந்ததுக்கு அப்புறமும்?"

பையிலிருந்து உருண்ட வெங்காயத்தை எடுத்து உள்ளே போட்டார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "சின்னவளுக்குப் பேசி முடிச்ச நேரம் அது. ஒனக்கு ஆவ வேண்டியதெல்லாம் ஆயிட்ச்சி. கல்யாணம் ஆயிட்ச்சி, புள்ளைங்க கீது. அவளுக்கு இன்னாமா கீது?"

நைனாவை நான் அடித்திருக்க முடியாது. பெற்றவர். ஜாக்கெட்டை அவர் மடியில் போட்டுவிட்டு, வெள்ளையடிக்கிறவன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நடந்தேன்.

அக்கா வீட்டில் அவள் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே, "கடுகு போட்டுத் தைக்க எங்க கத்துகினே?" என்று கேட்டேன். சல்லடை நின்றது.

அழுதாள். அம்மாவுக்குப் புண் கழுவியது, துணி மாற்றியது, நாற்றம் தெரியாமல் சாம்பிராணி போட்டது எல்லாம் சொன்னாள். பதினெட்டு வயதில் அவள் பட்டது பெரிய பாடுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இல்லாம? அம்மா போனதுலேர்ந்து தெனம் குளிக்கச் சொல்லோ தடவிப் பாத்துகினுதான் கீறேன்."

பதினெட்டு வருஷம். ஒவ்வொரு நாளும் தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டவள், "நீயும் பாத்துக்கடி" என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குச் சொல்லியிருக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். பாத்துக்க என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். என் கட்டி புளியங்கொட்டை ஆகியிருக்காது. இதைக் கேட்டதும் அக்கா அழுகையை நிறுத்திவிட்டு மறுபடியும் மாவு சலிக்க ஆரம்பித்தாள்.  அன்றைக்குப் பிறகு அவள் வீட்டு வாசல்படியை நான் மிதிக்கவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டரம்மா பழைய சீட்டைத் தேடி எடுத்து, முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வலது பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓர் இடத்தில் நின்றது. போய், திரும்பி அதே இடத்துக்கு வந்தது.

"ஏன் நடுவுல வராம விட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

பொங்கலுக்கு முன்னால் வலது பக்கத்தையும் எடுத்தார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.  எடுத்ததைச் சோதித்துப் பார்த்த பிறகு டாக்டரம்மா கட்டிலருகே வந்து சொன்னார். ஆரம்பித்திருக்கிறது. சின்னதுதான், ஆனால் ஆரம்பித்திருக்கிறது. மறுபடியும் கரண்ட் வைக்க வேண்டும்.

போன வருஷம் எடுத்திருந்தால் அது வருமுன் எடுத்ததாக இருந்திருக்கும். இப்போது வந்ததை எடுத்தார்கள். இரண்டுக்கும் தழும்பு ஒன்றுதான், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். தவறவிட்ட மாதங்களை இரவும் பகலும் எண்ணிக்கொண்டு கிடந்தவள் நான்தானே.

நைனா வார்டு வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனதாக நர்ஸ் சொன்னாள். உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மனசுக்குள் ஒரே ஓர் ஆளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கையை. அவளும் என்னைப் போல ஏமாந்தவள் என்று நினைத்தேன். எண்ணூருக்கு என் இடுப்பில் உட்கார்ந்து வந்தவள். அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? அவளிடம் எப்படி இதைச் சொல்வது, அவள் பயந்துவிடாதபடி எப்படி எடுத்துச் சொல்வது என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பார்வை நேரத்தில் வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். ஆரஞ்சுப் பழம் உரித்து ஒவ்வொரு சுளையாக என் வாயில் வைத்தாள். கை இரண்டையும் என்னால் தூக்க முடியவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. நான்தான் அவளுக்குத் தேறுதல் சொன்னேன்.

"அழுவாதே. ஒண்ணு சொல்றேன், பதறாம கேளு. நம்ம அம்மாவுக்கும் இதான் வந்துச்சாம். நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லாம மறைச்சிட்டாங்க. நீ ஒரு தடவை டாக்டருக்கிட்ட காமிச்சிடு. புள்ள பொறக்கற வரிக்கும் காத்துகினு இருக்காதே."

அவள் கையில் இருந்த சுளை அப்படியே நின்றது.

"நான் காமிச்சிட்டேன் சின்னக்கா" என்றாள். "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாலயே. பட்டுப் பொடவ எடுக்கப் போறோம்னு பெரியக்காவும் நானும் போனமே, அன்னிக்கு. ஒனக்கு வந்ததுக்கு அப்புறம் பெரியக்காவுக்கு என்னப் பத்தி பயம் வந்துட்ச்சி. அதான் வேற டாக்டராண்ட இட்டுகினு போச்சி."

யோசித்துச் சொல்ல டாக்டரம்மா எனக்குக் கொடுத்த ஒரு மாதம் அது. அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். நான் கரையைத் தடவிப் பார்த்து, ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"அந்த டாக்டராண்ட அம்மாவப் பத்திச் சொன்னீங்களா?"

கேட்ட கேள்வி அவளுக்கு உடனே புரியவில்லை. சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள்.

"சொன்னோம்கா. சொல்லாட்டி அவங்க எப்படிப் பாப்பாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. நான் அவளைத் திட்டவில்லை. வாயிலிருந்த சுளையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மணி அடித்ததும் அவள் எழுந்து, என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.